பைண்டிங் அட்டை வளையுது, பிரஸ்ஸும் ராத்திரிக்கு கிடைக்காது

பொது ஒர்க்‌ஷாப்ல கையால நோட்டு பைண்டிங் பண்றேன். மூணு வாரத்துல நாலு நோட்டு, நாலும் ஒரே கதை, என்ட் பேப்பர் (அட்டையோட உள்பக்கம் ஒட்டற தாள்) ஒட்டி ரெண்டு மணி நேரம் பிரஸ்ல (நோட்டை அழுத்தி வைக்கற கருவி) வெச்சு எடுக்கறப்ப பலகை மாதிரி நேரா இருக்கு, காலைல பாத்தா அட்டை வெளிப்பக்கமா வளைஞ்சு வாயப் பொளந்துட்டு நிக்குது.

ஏ5 சைஸ், அட்டைக்கு 2 மிமீ கிரே போர்டு (கெட்டியான சாம்பல் நிற அட்டை), காட்டன் துணி, பிவிஏ பசை. போர்டோட கிரெய்ன் (நார் ஓடற திசை) நோட்டோட முதுகுக்கு இணையாத்தான் இருக்கு, போர்டை வளைச்சுப் பாத்துதான் வெட்டினேன். பசையைக் குறைச்சாச்சு. வீட்ல செங்கல் அடுக்கியும் பாத்தாச்சு, துணியில செங்கல் அச்சு விழுந்ததுதான் மிச்சம். இருக்கறது ஒரே பிரஸ், அடுத்த ஆள் வெயிட்டிங்.

துணி ஒட்டினதும் போர்டோட உள்பக்கம் ஒரு பேப்பர் லைனிங் ஒட்டினா இந்த வளைவு நிக்குமா?