கறுப்புச் சேவல் போட்ட இத்தாலி வைனுக்கு என்ன கறி சரி வரும்?

பொகவந்தலாவைத் தம்பி:
அக்கா வீட்டுக்காரரு மிலான்ல இருந்து லீவுக்கு வந்தப்ப ரெண்டு போத்தல் சிவப்பு வைன் குடுத்தாரு. கழுத்துல கறுப்புச் சேவல் படம், பேரு கியாந்தி கிளாசிக்கோ. போன சனிக்கிழமை ஒண்ணை ரொட்டி, கட்டசம்பலோட உடைச்சோம். வாய் பத்திக்கிட்டு எரிஞ்சுது, நாக்கு வறண்டு போச்சு, புளிப்பு வேற. கெட்டுப்போன போத்தலா? மத்ததை ஞாயிற்றுக்கிழமை மாமனார் வர்றப்ப எடுக்கலாம்னு இருக்கேன். என்ன சமைக்கிறது?

மஸ்கெலியாக்காரன்:
சோடா ஊத்தி அடிங்க தம்பி, வேலை முடிஞ்சுது.

பழைய டீமேக்கர், தலவாக்கலை:
ஐயோ, சோடா வேணாம். போத்தல் கெடல தம்பி, குத்தம் கட்டசம்பல்ல இருக்கிற கொச்சிக்காய் மேல.

நான் 30 வருஷம் தேயிலை பெக்டரியில தேத்தண்ணிச் சாயத்தை ருசி பாக்க உறிஞ்சித் துப்பினவன். மகள் புளோரன்ஸ்ல இருக்கா, அவளைப் பாக்கப் போனப்பதான் இந்த வைன் பழக்கமாச்சு. முதல் வாய் உறிஞ்சினதுமே, அட, இது நம்ம தொழில்தானேன்னு தோணுச்சு. நீங்க சொல்ற வறட்சி துவர்ப்பு. கொழுந்துல இருக்கிற மாதிரி திராட்சைத் தோல்லயும் விதையிலயும் அது இருக்கு. எச்சில்ல உள்ள புரதத்தைப் போய்ப் பிடிச்சுக்கும், நாக்கு சொரசொரன்னு ஆயிடும். கடுஞ்சாயத்துல பால் ஊத்துனா துவர்ப்பு அடங்குதில்ல? பால்ல இருக்கிற புரதம் அதை இழுத்துக்குது. வைனுக்கு அந்த வேலையை இறைச்சி செய்யும். கொச்சிக்காய் நேர் எதிர். அது வைச்ச எரிச்சலை மதுவோட சூடு தூக்கிவிடும், துவர்ப்பும் கூடச் சேந்துக்கும்.

புளிப்பு அதோட பிறவிக்குணம். புளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவுல உள்ள குன்றுப்பக்கத்துச் சரக்கு அது. 1716லயே அந்தப் பக்கத்தை ஆண்ட பிரபு கோசிமோ மெடிச்சி எல்லை போட்டு அறிவிச்ச இடம். குறைஞ்சது 80 சதவீதம் சன்ஜோவேசேங்கிற திராட்சை இருக்கணும். புளிச்ச செர்ரி வாசம்னு மகள் சொல்லுவா. எனக்கு நாவற்பழத்தைச் சப்பி விதையைத் துப்பின பிறகு வாயில நிக்கிற ருசிதான்.

ஆட்டிறைச்சி எடுங்க. தக்காளியை அள்ளிப் போடுங்க, புளிப்புக்குப் புளிப்பு சரியா நிக்கும். கொச்சிக்காய்த்தூள் பாதி போதும், மிளகு கொஞ்சம் கூட இருக்கட்டும். அந்த ஊர்ல காஞ்ச பாணைத் தக்காளியில போட்டுக் கூழ் மாதிரிக் காய்ச்சுவாங்க, அதோட இந்த வைன் அமிர்தம். அவங்க பாண்ல உப்பே கிடையாது. முதல் நாள் மகள்தான் உப்பை மறந்துட்டான்னு சத்தம் போட்டுட்டேன்.

பிரிட்ஜ்ல வைக்காதீங்க. 16, 18 பாகைதான் இதுக்குக் கணக்கு, ராவுல நம்ம லயத்துக் குளிரே தாராளம். கொழும்புன்னா கொஞ்ச நேரம் பிரிட்ஜ் வேணும்.

நுவரெலியா அக்கா:
டீமேக்கர் அண்ணே, எங்க வீட்டுல இறைச்சி எடுக்கிறதில்ல. காளானும் லீக்ஸும் நல்லெண்ணெயில வதக்கி, மிளகு போட்டு இதே வைனோட சாப்பிட்டோம், ஒரு குறையும் இல்ல. கத்தரிக்காயும் சரி வந்துச்சு. தேங்காப்பால் கறிதான் எனக்குப் பிடிக்கல, ரெண்டும் ரெண்டு பக்கம் போகுது.

பழைய டீமேக்கர், தலவாக்கலை:
காளான் நல்ல யோசனை தங்கச்சி, எனக்குத் தோணவே இல்ல. ஆனா தம்பி, மீன் பக்கம் போயிடாதீங்க, நெத்தலி, கருவாடு எதுவுமே. சிவப்பு வைன்ல உள்ள இரும்பு மீன் எண்ணெயோட சேந்து, துருப்பிடிச்ச ஆணியைச் சப்பின மாதிரி ஆக்கிடும்.

பொகவந்தலாவைத் தம்பி:
ரொம்ப நன்றி அண்ணே. ஆட்டிறைச்சிக்குச் சொல்லிட்டேன். ஒரு சிக்கல், மாமனாருக்குக் கருவாடு இல்லாம சோறு இறங்காது.

பழைய டீமேக்கர், தலவாக்கலை:
அப்ப அவருக்குச் சாராயம் வாங்கி வைங்க. போத்தல் உங்களுக்கு மிச்சம்.