சின்ன பட்ஜெட் வீடு கட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஓசூர்க்காரன்:
டிப்ளமா மெக்கானிக்கல் முடித்தவன். உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தேன், இந்த வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மச்சான் ஒருவர் கிராமத்தில் அரசுத் திட்ட வீடுகளும், டவுனில் இரண்டு சென்ட் மனை வீடுகளும் கட்டித் தருகிறார். சைட் பார்த்துக்கொள்ள வரச் சொல்கிறார். எனக்குக் கட்டட வேலை ஒன்றுமே தெரியாது. வேறு தொழிலிலிருந்து வந்தவர்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள். ‘நல்ல ஃபீல்டு, தைரியமா வாங்க’ என்கிற பதில் வேண்டாம்.

செஞ்சி மேஸ்திரி ஆள்:
நான் ஜவுளிக்கடையிலிருந்து வந்தவன். எங்கள் பக்கம் இப்போது பெரும்பாலும் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்ட வீடுகள்தான். 360 சதுர அடி. அதில் 300 கான்கிரீட் தளம், மீதி 60 தீப்பிடிக்காத வேறு கூரை. வீட்டுக்கு மூன்றரை லட்சம். வகுத்துப் பாருங்கள், சதுர அடிக்கு ஆயிரம்கூட வராது. தனியார் வீட்டுக்கு வெளியே இரண்டாயிரத்துக்கு மேல் பேசுகிறார்கள். இந்த வித்தியாசத்துக்குள்தான் நீங்கள் தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

பணமும் மொத்தமாக வராது. பேஸ்மட்டம் (தரை மட்டம் வரை), லிண்டல் (கதவு, ஜன்னலின் மேல்மட்டம்), கூரைத் தளம், வேலை முடிவு என்று ஒவ்வொரு கட்டமாக, வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். சிமெண்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டு அதற்கான தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். கடைக்கால் (அஸ்திவாரம்) தோண்டி பேஸ்மட்டம் ஏற்றும் வரை வீட்டுக்காரர் கைக்காசைப் போட வேண்டும். கைக்காசு என்றால் பெரும்பாலும் அடகுக் கடையில் இருக்கும் நகை.

சுண்ணாம்புக் கோடு போடுகிற நாளில்தான் சிக்கலே ஆரம்பிக்கும். ஒரு பாட்டி வீட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். திருப்பூரிலிருந்து மகன் போன் செய்து, “இன்னொரு ரூமையும் சேத்துப் போட்டுடுங்கண்ணே, காசு நான் அனுப்புறேன்” என்றார். பாட்டி பக்கத்தில் நின்று, “முன்னாடி கொஞ்சம் தாழ்வாரம் விடுப்பா, ஆட்டை எங்க கட்டுவேன்?” என்றது. இரண்டுக்கும் தலையாட்டினால் கடைக்காலிலேயே பாதிப் பணம் போய்விடும். லிண்டல் மட்டத்தோடு நின்று, உள்ளே வேலிக்கருவேலம் முளைத்த வீடுகளை ஊரில் பார்த்திருப்பீர்களே, அதில் பல இப்படி ஆரம்பித்தவைதான். கடையில் பட்ஜெட் கேட்டுவிட்டுத்தான் புடவையை விரிப்போம், அந்தப் பழக்கம் எனக்கு இங்கே கைகொடுத்தது. ரூம் பிறகு பார்க்கலாம் என்று மகனைச் சமாளித்தோம். ஆட்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கொட்டகை போட்டார்கள்.

இன்னொன்று. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கிராமப்புற வீடு என்றால், விதிப்படி ஒப்பந்ததாரரே கூடாது. பயனாளிதான் கட்ட வேண்டும், நாம் கூலிக்குப் போகிறவர்கள். உங்கள் மச்சான் ‘கான்ட்ராக்ட்’ என்று எதைச் சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கரணை க்யூ.சி.:
மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏன் மேஸ்திரி பக்கமே பார்க்கிறீர்கள்? சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் ப்ரீகாஸ்ட் முறையில் வந்தன, 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. தூண், உத்திரம் எல்லாம் யார்டில் வார்த்து, சைட்டில் கிரேன் வைத்து நிறுத்துகிற வேலை. நான் இருப்பது அந்த சைட்டில் இல்லை, அதே மாதிரி வேலை நடக்கும் இன்னொரு இடம். நானும் லேத் பட்டறை ஆள்தான்.

இங்கே உங்கள் பழைய கண் உதவும். செங்கல் சுவரில் அரை அங்குலம் தப்பினால் “பூச்சுல எடுத்துக்கலாம்” என்பார்கள். ப்ரீகாஸ்ட்டில் கீழ்த் தூணின் கம்பி மேல் தூணின் துளைக்குள் போய் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் கிரேன் சும்மா நிற்கும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும், எல்லோரும் உங்களையே பார்ப்பார்கள்.

ஆனால் குடிவந்தவர்கள் என்னிடம் கேட்டது வேறு. கைக்குழந்தையோடு ஒரு அம்மா, “தம்பி, தூளி கட்ட கொக்கியே வைக்கலையே?” என்றார். டிராயிங் போட்ட யாருக்கும் அது தோன்றவில்லை. வார்த்த பிறகு கண்ட இடத்தில் துளை போடவும் விட மாட்டோம். அடுத்த பிளாக்கில் வார்க்கும்போதே கொக்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஒப்புதல் வாங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

மேலூர் அக்கா:
ஆண்கள் எல்லாம் வேலை மாறுகிறதைப் பேசுறீங்க. நான் ஒரே சைட்டுக்குள்ளேயே மாறினவள். சித்தாளாக இருந்து பூச்சு வேலைக்கு வந்தேன். கிராமப்புற கொத்தனார் பயிற்சி என்று 45 நாள் உண்டு, கட்டுகிற வீட்டிலேயே சொல்லித் தருவார்கள். அங்கே கையில் பூசுகிற கரணை கொடுத்தார்கள். சர்டிபிகேட்டோடு வெளியே வந்தால், “அதெல்லாம் சரிம்மா, சட்டியை எடு” என்றார் மேஸ்திரி. கூலி வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை, அதனால்தான் அந்தப் பேச்சு. பாத்ரூம் தரைக்கு வாட்டம் சரியாக எடுக்கிறேன் என்று வீட்டுக்காரப் பெண்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் கரணை திரும்ப வந்தது.

தம்பி, சைட் பார்க்கப் போனால் ஒன்று செய்யுங்கள். ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அட்டையைத் தேடக் கூடாது.

வானூர்:
எலிப்பொறிக் கட்டு தெரியுமா? செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. செங்கல் கால்வாசி மிச்சம், வெயிலும் குறைவாக இறங்கும். கேரளத்தில் லாரி பேக்கர் என்கிற கட்டடக் கலைஞர் பரப்பிய முறை. இங்கே ஒரு வீட்டுக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளே காலியா விட்டு ஏமாத்துறீங்களா?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். சுவர் ஏற்றுவதற்கு முன்னால் மாதிரிக்கு நாலு வரி கட்டிக் காட்டிவிடுங்கள்.

ஓசூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மழைக்காலத்தில் வேலை இருக்குமா? மச்சான் சம்பளம் பேசவில்லை, லாபத்தில் பங்கு என்கிறார்.

செஞ்சி மேஸ்திரி ஆள்:
ஐப்பசி, கார்த்திகையில் கடைக்கால் தோண்டினால் தண்ணீர்தான் நிற்கும். தளம் முடிந்த வீட்டை அதற்கு முன் கையில் வைத்துக்கொண்டால் உள்பூச்சு ஓட்டலாம். பங்கு வேண்டாம். நான் மேலே போட்ட கணக்கில் உங்களுக்குப் பங்கு எங்கே இருக்கிறது? மாதச் சம்பளம் பேசுங்கள், பெட்ரோல் தனி. ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி யார் கையிலிருந்து போகும் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மச்சான் ஊரில் இல்லாத வாரம் அவர்கள் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.