விகாரி வருஷத்தை ஈஏடி கோப்பில் எப்படிப் பதிவது?

வணக்கம். ஒரு குடும்பத்தின் பழைய கடிதக் கட்டை ஐசாட்-ஜி (ஆவணங்களை விவரிப்பதற்கான சர்வதேசத் தரம்) முறையில் விவரித்து ஈஏடி (அந்த விவரங்களைக் கணினி படிக்கும்படி எக்ஸ்எம்எல்-இல் எழுதும் வடிவம்) கோப்பாக்கி வருகிறேன். தேதியில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு கடிதத்தின் தலையில் "விகாரி வருஷம் ஆடி 12" என்று மட்டும் இருக்கிறது. 60 வருடச் சுழற்சி என்பதால் 1899 ஆகவும் இருக்கலாம், 1959 ஆகவும் இருக்கலாம் (2019 இல்லை என்பது மட்டும் நிச்சயம்). 1899/1959 என்று போட்டால் மென்பொருள் அதைக் கால இடைவெளியாக எடுத்துக்கொண்டு, நடுவில் எந்த ஆண்டைத் தேடினாலும் இந்தக் கடிதத்தையே கொண்டுவந்து நீட்டுகிறது! தேதி எழுதும் முறைக்கான ஐஎஸ்ஓ 8601-2 தரத்தில் 'இவற்றில் ஏதோ ஒன்று' என்பதற்குச் சதுர அடைப்புக்குறி உண்டு, சரி, ஆனால் என் மென்பொருள் அதை ஏற்கவில்லை. ஈஏடி3 பதிப்பில் இரண்டு தேதிகளையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒரு மாதிரிப் பதிவு காட்டினால் பெரிய உதவி. அப்புறம், தபால் முத்திரையைப் பார்க்கச் சொல்லாதீர்கள், உறை தொலைந்துவிட்டது.