ஹெர்னியா ஆபரேஷனுக்கு அப்புறம் யூரின் வராம தவிச்ச அனுபவம் யாருக்காவது இருக்கா?

மேலூர்_மக
அப்பாவுக்கு 68 வயசு, வலது பக்கம் குடலிறக்கம், மெஷ்னு வலை மாதிரி ஒண்ணு வச்சு தச்சாங்க, முதுகுல ஊசி போட்டுதான். 11 மணிக்கு தியேட்டர விட்டு வெளிய வந்தாரு, 3 மணிக்கெல்லாம் கால நல்லா மடக்கி நீட்டுறாரு, சரி மரப்பு போயிருச்சுன்னு நெனச்சேன், ஆனா யூரின் மட்டும் வரல. சிஸ்டர் வந்து வந்து "போனாரா"ன்னு கேக்குறாங்க, நானும் "இப்ப போயிருவாரு"ன்னே சொல்லிட்டிருந்தேன். அப்பா பாத்திரத்த போர்வைக்குள்ள வச்சுக்கிட்டு என்னையவே பாக்குறாரு, பொம்பளப் புள்ள பக்கத்துல நிக்கிறேன்னு கூச்சப்படுறாருன்னு அப்ப எனக்கு ஒறைக்கல. 6 மணிக்கு என் கைய எடுத்து அவரு அடிவயித்துல வச்சாரு, கல்லு மாதிரி இருந்துச்சு. டியூப் போட்டதும் பேக்ல 900 மில்லி. அந்த நிமிஷம் இன்னும் என்னைய விட மாட்டேங்குது. அத்தன தடவ வந்தவங்க ஒருத்தர்கூட வயித்த தொட்டுப் பாக்கலியே.

சைக்கிள்காரன்
எனக்கு 44. லேப்ராஸ்கோப்பி, அதான் சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்றது, ரெண்டு பக்கமும், முழு மயக்கம். முக்கி முக்கி சொட்டு சொட்டாதான் வந்துச்சு, வீட்டுக்குப் போற அவசரத்துல "நல்லா போயிட்டேன்"னு சொல்லிட்டேன், டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க. ராத்திரி 1 மணிக்கு பாத்ரூம்ல குழாய தொறந்து விட்டுட்டு சொவத்துல தலைய சாய்ச்சு நிக்கிறேன், வேட்டி நனையுது ஆனா உள்ள பாரம் கொறையவே இல்ல. அது நெறஞ்சு வழியிறதுன்னு அவசரப் பிரிவு டாக்டர் சொல்லித்தான் தெரியும். வீட்டுக்காரிகிட்டயும் அதே பொய்யத்தான் சொல்லியிருந்தேன், அது இன்னும் உறுத்துது.

ஈரோட்டுக்காரர்
மேலூர் அம்மணி, சிஸ்டருங்க மேல பழி போடாதீங்க. டியூப் போட்டா இன்ஃபெக்‌ஷன் வரும்னுதான் பொறுத்துப் பாப்பாங்க. எனக்கும் 2 நாள் டியூப் இருந்துச்சு, எடுத்தாங்க, போச்சு. எல்லாரும் கேட்டுக்கோங்க, 60 தாண்டுன ஆம்பளைன்னா ராத்திரில எத்தன தடவ எந்திரிக்கிறாரு, யூரின் மெலிசா வருதான்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லீரோணும். மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தா டாம்சுலோசின்னு மாத்திரை குடுப்பாங்க, நாமளா வாங்கிப் போடக்கூடாது, எந்திரிச்சா தல சுத்தும். சளி மாத்திரை போட்டிருந்தாலும் சொல்லோணும், சில மாத்திரை யூரின அடைச்சுரும். மலச்சிக்கல் இருந்தாலும் அப்படித்தான். டிரிப்ஸ் எத்தன பாட்டில் ஏறுதுன்னு பாருங்க, நெறைய ஏறுனா மூத்திரப்பை சீக்கிரம் நெறஞ்சுரும். சின்ன இறக்கமா இருந்தா அந்த எடத்த மட்டும் மரத்துப்போக வச்சு செய்ய முடியுமான்னு கேளுங்க, அதுல இந்தத் தொந்தரவு ரொம்பக் கொறவு. படுத்துக்கிட்டே போகச் சொன்னா வராது, கால் நல்லா தெளிஞ்சப்புறம் ரெண்டு பேர் புடிச்சு நிக்க வைங்க.

வார்டுசிஸ்டர்_ரிட்டயர்டு
ஐயா, பொறுக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கு. மூத்திரப்பை 400, 500 மில்லிலயே முட்டும். முதுகு ஊசில கால் மொதல்ல தெளிஞ்சுரும், மூத்திரப்பை நரம்பு கடைசியாத்தான் தெளியும், அதுவரைக்கும் முட்டுறதே சரியா தெரியாது. ரொம்ப நேரம் விரிஞ்சே கெடந்தா அப்புறம் சுருங்குற பலம் போயிரும். அந்தப் பொண்ணு கேக்குறது நியாயந்தான், தொட்டுப் பாத்திருக்கணும். நான் டியூட்டில இருந்தப்ப ஒரு தாத்தா இதே மாதிரி, சுத்தி நின்ன சொந்தக்காரங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டு ஸ்கிரீன இழுத்து விட்டேன், 10 நிமிஷத்துல போனாரு. "மருமக முன்னாடி எப்படிம்மா"ன்னு என் கையப் புடிச்சுட்டு அழுதாரு.

மேலூர்_மக
சிஸ்டர், நீங்க எழுதுனத படிச்சுட்டு நானும் அழுதுட்டேன். அப்பாவுக்கு 3வது நாள் டியூப் எடுத்தாங்க, அன்னைக்கு தம்பிய பாத்ரூம் கிட்ட நிக்கச் சொல்லிட்டு நான் வராண்டாவுக்குப் போயிட்டேன். 300 மில்லி வந்துச்சுன்னு அவன்தான் ஓடி வந்து சொன்னான். இப்ப எடது பக்கமும் லேசா தள்ளுது, தை மாசம் வரச் சொல்லியிருக்காங்க. இந்தத் தடவ ராத்திரிக்கு தம்பிதான் கூட இருப்பான்.