எம்1 கேரண்ட் ரைஃபிளில் எது இயல்பு, எது கோளாறு?

கேள்வி: ஓஹையோவாசி

அனைவருக்கும் வணக்கம். 1950களில் தயாரான எம்1 கேரண்ட் என்ற அமெரிக்க இராணுவ அரைத்தானியங்கி ரைஃபிள் ஒன்றைச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து வாங்கி, இங்கே ஓஹையோவில் உள்ள சுடுதளத்தில் பயன்படுத்தி வருகிறேன். இதற்கு முன் கையால் போல்ட்டை (குழலின் பின்முனையை மூடும் உலோகப் பகுதி) இழுத்துச் சுடும் ரைஃபிள்களையே அறிந்தவன் என்பதால், இது நடந்துகொள்ளும் விதத்தில் எதை ஏற்பது, எதற்கு அஞ்சுவது என்று தெரியவில்லை.

எட்டுத் தோட்டாக்கள் கொண்ட கிளிப்பை அழுத்திப் பொருத்தினால், போல்ட் சில வேளைகளில் தானாக முன்னே செல்கிறது. சில வேளைகளில் பாதியில் நின்றுவிடுகிறது. சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) சென்ற தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தால், பிரைமரின் (தோட்டாவின் அடியில் உள்ள வெடிபொறி) நடுவே சிறு புள்ளி போன்ற தடம் இருக்கிறது. ஆப்பரேட்டிங் ராட் (வாயுவின் விசையால் போல்ட்டை இயக்கும் தண்டு) நேராக இல்லாமல் வளைந்திருக்கிறது. இவற்றுக்கு மேல், கடைசித் தோட்டாவைச் சுட்டதும் கிளிப் ஓசையுடன் வெளியே தெறித்தாலும், போல்ட் எப்போதும் பின்னால் நிற்பதில்லை. அவ்வப்போது வெற்றுச் சேம்பரின் மேல் மூடிக்கொள்கிறது. இவற்றில் எவை பழைய ஆயுதத்தின் இயல்பு?

மறுமொழி 1: பட்டறைக்காரர்

நண்பரே, நீங்கள் சொன்னவற்றில் முதல் மூன்றும் இயல்பு; நான்காவது கோளாறு. ஜான் கேரண்ட் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியில் வடிவமைத்து, அமெரிக்க இராணுவம் 1936இல் ஏற்ற இந்த ரைஃபிள் ஏறத்தாழ 54 லட்சம் எண்ணிக்கையில் உருவானது. ஆகவே எது இயல்பு என்பதை ஊகிக்கத் தேவையில்லை, வடிவமைப்பே சொல்லிவிடும்.

ராடின் வளைவு வேண்டுமென்றே கொடுக்கப்பட்டது. குழலுக்கு அடியிலிருந்து வரும் தண்டு, ரைஃபிளின் மரக்கட்டையைத் தொடாமல் வலப்பக்கம் ஏறிப் போல்ட்டைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். அதை யாராவது நிமிர்த்தித் தருவதாகச் சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள். நல்ல ராட் ஒன்று அத்துடன் பாழாகிவிடும். முழுக் கிளிப்பில் மேல் தோட்டா இறுக்கமாக இருப்பதால் போல்ட் தயங்குவதும் வழக்கமே. உள்ளங்கையின் அடிப்பகுதியால் ராடின் கைப்பிடியை முன்னோக்கித் தட்டினால் மூடிக்கொள்ளும்.

பிரைமரின் தடத்துக்குக் காரணம், பிரைமரை அடித்துத் தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஃபயரிங் பின்னைப் பின்னே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் எதுவும் இந்த ரைஃபிளில் இல்லாததுதான். போல்ட் வேகமாக மூடும்போது பின் தன் உந்தத்தால் முன்னே சென்று பிரைமரை மெல்லத் தொடுகிறது.

கடைசித் தோட்டாவுக்குப் பிறகு போல்ட் பின்னால் நிற்காதது வேறு வகை. பெரும்பாலும் ராட் தன் முழுத் தூரத்தையும் கடப்பதில்லை என்பதே அதன் பொருள். முதலில் வாயு உருளையின் (குழலிலிருந்து வரும் வாயு ராடைத் தள்ளும் இடம்) முன்முனையில் உள்ள திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். சுடச்சுட அது தளர்வதுண்டு, தளர்ந்தால் வாயு கசிந்து தள்ளுவிசை குறையும். அது சரியாக இருந்தால், ரைஃபிள் காலியாக உள்ளதை உறுதிசெய்து, பிரித்து, ஸ்பிரிங்கை மட்டும் விட்டுவிட்டுப் போல்ட்டையும் ராடையும் பொருத்தி, குழலை மேலும் கீழுமாகச் சாய்த்துப் பாருங்கள். இரண்டும் தம் எடையாலேயே தடையின்றி நழுவ வேண்டும். கட்டையைப் பொருத்திய பிறகே தடை தெரிந்தால், மரம் எங்கோ ராடை உரசுகிறது. இவை எதிலும் குறை இல்லையெனில் ராடின் பிஸ்டன் முனையை அளக்கச் சொல்லுங்கள், விட்டம் 0.525 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் அது தேய்ந்துவிட்டது. ராடைப் பின்னே பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருக்கும் வாய்ப்பும் உண்டு, எனினும் அதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

மறுமொழி 2: குறிப்பலகை

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பிரைமர் தடத்தை ‘இயல்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. மெல்லிய புள்ளி இயல்பு. ஆழமான குழி இயல்பன்று. போல்ட் சுழன்று பூட்டிக்கொள்ளும் வரை பின்னின் வால்பகுதி முன்னே செல்லாதபடி ரிசீவரில் (போல்ட் நகரும் உடற்பகுதி) ஒரு பாலம் தடுக்கிறது. அந்த வாலோ பாலமோ தேய்ந்திருந்தால், பூட்டுவதற்கு முன்பே தோட்டா வெடிக்கும் ஆபத்து உண்டு. மேலும், ஒற்றைத் தோட்டாவைச் சேம்பரில் நேராக வைத்துப் போல்ட்டை விட்டுவிடும் பழக்கம் வேண்டாம். கிளிப்பிலிருந்து ஒரு தோட்டாவை உருவிச் செல்லும்போது போல்ட்டின் வேகம் குறைகிறது; அந்தத் தடை இல்லாதபோது பின் முழு வேகத்தில் மோதும்.

டிரிகரையும் சோதியுங்கள். காலி ரைஃபிளில் டிரிகரை அழுத்தியபடியே போல்ட்டை இழுத்து விட்டு, பிறகு டிரிகரை மெதுவாகத் தளர்த்துங்கள். ஹாமர் (ஃபயரிங் பின்னை அடிக்கும் பகுதி) விழாமல் நிற்க வேண்டும். மறுபடி அழுத்தினால் மட்டுமே விழ வேண்டும். ஒரே அழுத்தத்தில் இரண்டு தோட்டாக்கள் வெடித்தால் அது எந்த வயது ரைஃபிளுக்கும் இயல்பில்லை. அந்த நொடியே நிறுத்தி, இந்த ரைஃபிளை அறிந்த துப்பாக்கிக் கம்மியரிடம் கொண்டு செல்லுங்கள்.

எந்தத் தோட்டாவைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் சொல்லுங்கள்.

ஓஹையோவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. திருகு உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்தது. இறுக்கிய பிறகு போல்ட் ஒழுங்காகப் பின்னால் நிற்கிறது. டிரிகர் சோதனையிலும் குறையில்லை. பிரைமர் தடம் நகத்தால் தடவினால்கூடத் தெரியாத அளவுக்கு மெல்லியது. தோட்டா, வேட்டைக்காகக் கடையில் விற்கும் 180 கிரெயின் (குண்டின் எடையைக் குறிக்கும் அலகு) .30-06 வகை.

மறுமொழி 3: பட்டறைக்காரர்

அந்தத் தோட்டாவை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்த ரைஃபிள் ஏறத்தாழ 150 கிரெயின் குண்டு கொண்ட எம்2 இராணுவத் தோட்டாவைச் சுட்டு வந்தது. குழலிலிருந்து வாயுவை எடுக்கும் துளை வாய்முனைக்கு மிக அருகில் இருப்பதால், கனமான குண்டும் மெதுவாக எரியும் வெடிமருந்தும் சேர்ந்தால் துளையை அடையும்போது அழுத்தம் வரம்பை மீறி இருக்கும். ராட் வேண்டாத இடத்தில் வளையும். இந்த ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம் அமைப்பும் 172–174 கிரெயினுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தவிர்க்கச் சொல்கிறது. திருகு தளர்ந்து வாயு கசிந்ததால் இதுவரை அந்த மிகையழுத்தத்தில் ஒரு பகுதி வெளியேறியிருக்கக்கூடும். இப்போது திருகை இறுக்கிவிட்டீர்கள். இனி அந்த விசை முழுவதும் ராடின் மேலேயே விழும். கேரண்டுக்கு என்றே குறிப்பிட்டு விற்கப்படும் தோட்டாக்கள் கிடைக்கின்றன, அவற்றை வாங்குங்கள். அடுத்த முறை சுடுவதற்கு முன் சாய்த்துப் பார்க்கும் சோதனையையும் ஒரு முறை செய்துவிடுங்கள். ராட் ஏற்கெனவே பிறழ்ந்திருந்தால் அதில் தெரிந்துவிடும்.