வட்டக்கச்சிக் குடும்பக் குழு: சனிக்கிழமை குளக்கட்டு

வியாழக்கிழமை

[மாலை 6:48] சுதா அக்கா: எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பாவின் 31ஆம் நாள் அன்று பந்தியில் இருந்து கதைத்ததை மறந்துவிடாதீர்கள். சனிக்கிழமை காலை 5:30க்கு இரணைமடுக் குளக்கட்டில் உடற்பயிற்சி தொடங்குகிறோம். யார் யார் வருகிறீர்கள்?

[6:49] நிறோ: நான்

[6:51] தர்சி: நானும். ஓட்டமா நடையா அக்கா?

[6:52] மலர் சின்னம்மா: சுதா, அந்தப் பெரிய சமையல் கிடாரம் யார் வீட்டில் இருக்கிறது? சனசமூக நிலையத்துத் தம்பி இன்றைக்கும் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.

[6:53] ரத்தினம் மாமா: என்னிடம் இல்லை

[6:53] கண்ணன்: இங்கேயும் இல்லை

[7:02] சுதா அக்கா: தர்சி, இரண்டும்தான். மாறி மாறி. எல்லோரும் ஒரு தடவை பொறுமையாக வாசியுங்கள். முதல் 5 நிமிடம் கொஞ்சம் வேகமான நடை. உடம்பு சூடாக வேண்டும், அதற்குத்தான். பிறகு 1 நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இப்படி 8 தடவை செய்தால் 20 நிமிடம் ஆகிவிடும். கடைசியில் 5 நிமிடம் ஆறுதலாக நடந்து முடிக்கிறோம். மொத்தம் அரை மணித்தியாலம். கிழமைக்கு 3 நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். இரண்டாம் கிழமை ஒன்றரை நிமிட ஓட்டம், 2 நிமிட நடை. இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1996இல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்பவர் எழுதிய திட்டம். ஐம்பது தாண்டிய தன் தாயையும் ஓட வைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் அவர் அதை எழுதினார். 9 கிழமையில் 5 கிலோமீற்றர் என்பது கணக்கு. எங்களுக்கு 15 கிழமை எடுத்தாலும் பரவாயில்லை. ஒரு கிழமை கடினமாக இருந்தால் அடுத்த கிழமையும் அதையே திரும்பச் செய்வோம்.

[7:03] நிறோ: ஒரு நிமிடம் மட்டுமா

[7:04] ரத்தினம் மாமா: நான் 18 வயதில் இங்கிருந்து முறிகண்டிப் பிள்ளையார் வரை ஓடிப் போய் கச்சான் வாங்கிக்கொண்டு வந்தவன்.

[7:05] கண்ணன்: கச்சான் வீடு வந்து சேர்ந்ததா மாமா

[7:06] மலர் சின்னம்மா: கோதுதான் வந்தது. எனக்கு நினைவு இருக்கிறது.

[7:11] சுதா அக்கா: மாமா, எனக்குப் பயமே அதுதான். பழைய ஓட்டத்தை நினைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள்தான் முதல் நாளே மூச்சு முட்டி நிற்பார்கள். நிறோ, உனக்கும் சேர்த்துத்தான். மெய்வல்லுநர் போட்டிக்கு ஓடி 4 வருடம் ஆகிவிட்டது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் அந்த வேகத்துக்குப் பழகாது. இரண்டாம் கிழமையே முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் நோகத் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், தை மாதம் முதல் கிழமை பறப்பார்கள், மூன்றாம் கிழமை நொண்டுவார்கள். எட்டு வைப்பதைச் சின்னதாக வை. கால் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும், முன்னால் எட்டிப் போட்டுக் குதியால் அடிக்கக் கூடாது.

[7:12] நிறோ: சரி அக்கா

[7:13] தர்சி: எவ்வளவு வேகம் என்று எப்படித் தெரியும்? என்னிடம் அந்தக் கைக்கடிகாரம் எல்லாம் இல்லை.

[7:16] சுதா அக்கா: கடிகாரம் தேவையே இல்லை. ஓடும்போது பக்கத்தில் வருகிறவருடன் கதைக்க முடிய வேண்டும். தேவாரம் பாட முடியாது, ஆனால் ஒரு வசனம் முழுதாகச் சொல்லலாம். அந்த அளவு போதும். ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் வேகம் கூடிவிட்டது. இன்னொன்று, நடை வரும்போது யாரும் வெட்கப்படாதீர்கள். இளைத்துப் போய் நடப்பது இல்லை இது. இளைப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். அந்த ஒன்றரை நிமிடத்தில் மூச்சு இறங்கினால்தான் எட்டாவது ஓட்டம் முதல் ஓட்டம் போல இருக்கும்.

[7:18] சேகர் சித்தப்பா (ரொறன்ரோ): நல்ல விடயம். நான் இங்கே பூங்காவில் தினமும் 10,000 அடி நடக்கிறேன். எல்லோருக்கும் சப்பாத்து அனுப்பட்டுமா?

[7:19] ரத்தினம் மாமா: போன முறை அனுப்பியது கண்ணனுக்கும் பெரிது, எனக்கும் பெரிது. வேலிக்கு அனுப்புவதாகச் சொன்ன காசை முதலில் அனுப்பு.

[7:20] சேகர் சித்தப்பா (ரொறன்ரோ): அத்தான், வேலிக் கதை இங்கே வேண்டாம்

[7:20] ரத்தினம் மாமா: வேறு எங்கே கதைப்பது? தொலைபேசி எடுக்கிறாய் இல்லை.

[7:21] ரத்தினம் மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[7:22] தர்சி: குளக்கட்டுக்கு எந்தப் பக்கத்தால் ஏறுகிறோம்? கோயிலடியால் என்றால் நாய்கள்.

[7:23] கண்ணன்: கையில் தடி

[7:25] தர்சி: இன்னொன்று. நான் ட்ராக் போட்டுக்கொண்டு வந்தால் சந்தியில் எல்லோரும் பார்ப்பார்கள். பள்ளிக்கூட மைதானம் நல்லது இல்லையா?

[7:27] சுதா அக்கா: மைதானத்துக்கு அதிபரிடம் கேட்க வேண்டும். கேட்கிறேன். ஆனால் குளக்கட்டு கிரவல், தார் றோட்டை விட முழங்காலுக்கு மெத்தென்று இருக்கும். 5:30க்குச் சந்தியில் ஆட்களும் குறைவு. இப்போது சோளகம் அடிக்கிறது, வெயில் ஏறினால் கட்டு முழுக்கப் புழுதி. அதனால்தான் விடிய முன்.

[7:31] மலர் சின்னம்மா: நடக்க எங்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டுமா சுதா. தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன் என்று இடம்பெயர்ந்து நடந்த கால்கள்தானே இவை. இனியாவது இருக்க விடுங்கள் பிள்ளை.

[7:40] பவானி பெரியம்மா: அப்போது அம்மாவை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிட்டு இவர் விசுவமடு மட்டும் நடந்துதான் வந்தவர்.

[7:41] பவானி பெரியம்மா: நடந்த மனிதன்தான் போய்விட்டார்

[7:58] சுதா அக்கா: பெரியம்மா, இதை எழுதலாமா என்று இவ்வளவு நேரம் யோசித்தேன். எழுதுகிறேன். பெரியப்பா வயலுக்கு நடந்தவர், நீர் பாய்ச்சியவர், உடம்பால் சோம்பேறி இல்லை. ஆனால் பிரஷர் குளிசையை நினைத்தால் போடுவார், இல்லையென்றால் விடுவார். கடைசி 2 நாளும் நெஞ்சு இறுக்குகிறது என்றார். வாயு என்று இஞ்சித் தண்ணீர் குடித்தார். இடது தோள் உளைகிறது என்றும் சொன்னார். அன்றைக்கு நானும் வீட்டில் இருந்தேன். உடற்கல்வி படிப்பிக்கிற நானும் வாயு என்றுதான் நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் இரவில் நித்திரை வருவதில்லை.

[8:01] சுதா அக்கா: எல்லோரும் 1990ஐத் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. நெஞ்சு இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவுகிற நோவு, குளிர்ந்த வியர்வை, காரணம் இல்லாத மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் அடியுங்கள். ஓடும்போது வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். வாயுவாக இருந்தால் திரும்பி வரலாம், ஒன்றும் குறையாது.

[8:02] கண்ணன்: பதிந்துவிட்டேன்

[8:02] தர்சி: பதிந்தேன்

[8:03] சேகர் சித்தப்பா (ரொறன்ரோ): அண்ணி, நான் பிறகு எடுக்கிறேன்

[8:05] ரத்தினம் மாமா: சுதா, உன்னில் பிழை இல்லை. அன்றைக்கு மூன்று மணிக்கு நானும் வந்து பார்த்துவிட்டுத்தான் போனேன்.

[8:09] சுதா அக்கா: மாமா, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். சனிக்கிழமை நீங்கள் ஓடக் கூடாது. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள், அவர் சரி என்றால் பிறகு பார்ப்போம். நீங்கள் போடுவது சீனி வருத்தத்துக்கான குளிசை. சிலவகைக் குளிசைக்கும் ஊசிக்கும் உடற்பயிற்சியோடு சீனி கீழே இறங்கிவிடும். சட்டைப் பையில் 4 டொபி வைத்திருங்கள். கை நடுங்கினால், கண் மங்கினால் உடனே வாயில் போடுங்கள். வெறும் செருப்போடு வராதீர்கள், வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், புண் இருக்கிறதா என்று.

[8:10] ரத்தினம் மாமா: அப்போது நான் எதற்கு வருவது

[8:14] சுதா அக்கா: நடக்க. உங்களுக்கு வேறு முறை இருக்கிறது. ஜப்பானில் மற்சுமோட்டோ என்ற இடத்தில் சின்ஷு பல்கலைக்கழகத்தார் வயதானவர்களை வைத்துச் செய்தது, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். 3 நிமிடம் வேகமான நடை, 3 நிமிடம் மெதுவான நடை, 5 தடவை. அதுவும் அரை மணித்தியாலம்தான். ஒரே வேகத்தில் நடந்தவர்களை விட இப்படி மாற்றி மாற்றி நடந்தவர்களுக்குத் தொடைப் பலம் கூடியது, பிரஷரும் கூடுதலாக இறங்கியது. ஓடவே இல்லை, நடை மட்டும். வேகத்தை மாற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது மாமா.

[8:15] ரத்தினம் மாமா: டொபி எந்த டொபி

[8:15] நிறோ: சீனி உள்ள டொபி

[8:16] ரத்தினம் மாமா: அது தெரியும்

[8:20] கண்ணன்: அக்கா, விசில் நான் ஊதுகிறேன். நேரம் பார்ப்பது என் வேலை. நடை என்றால் நானும் வருவேன், ஆனால் பொய்க்காலின் வார் புதிது, பொருந்துகிற இடத்தில் உரசி இருக்கிறது. ஆறட்டும். இந்தச் சனிக்கிழமை மோட்டார்சைக்கிளில் இருந்துகொண்டு விசில்.

[8:21] சுதா அக்கா: கண்ணா, நீ ஊதினால் யாரும் பிழை விட மாட்டார்கள். உரசல் ஆறும் வரை நடக்காதே, அவசரம் இல்லை.

[8:24] மலர் சின்னம்மா: கிடாரம்?

[8:33] பவானி பெரியம்மா: சுதா நான் வரலாமா

[8:34] சுதா அக்கா: வாருங்கோ பெரியம்மா. கட்டாயம் வாருங்கோ.

[8:36] மலர் சின்னம்மா: அக்கா, ஆண்டுத்திவசம் முடியவில்லை. 31 கழிந்து ஒரு கிழமைதான். விடியக் காலையில் குளக்கட்டில் பிள்ளைகளோடு நடந்தால் ஊர் என்ன சொல்லும்? முற்றத்தில் நடக்கலாமே.

[8:38] ரத்தினம் மாமா: கோயிலுக்கா போகிறாள், கல்யாண வீட்டுக்கா போகிறாள்? நடப்பதற்கு என்ன துடக்கு.

[8:39] மலர் சின்னம்மா: உங்களுக்கு எல்லாம் லேசு. கேட்கப்போவது என்னிடம்தான்.

[8:43] சுதா அக்கா: சின்னம்மா, உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பம் இல்லை. பெரியம்மா 5 கிழமையாக அந்த வீட்டு விறாந்தையில் ஒரே கதிரையில் இருக்கிறார். போன ஞாயிறு எழும்பும்போது சுவரைப் பிடித்தார், நீங்களும் பார்த்தீர்கள். 62 வயதில் தொடைப் பலம் சீக்கிரம் கரைந்துவிடும், திரும்ப எடுக்க அதை விடக் கூடுதல் காலம் வேண்டும். ஊர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

[8:44] தர்சி: என் பெயரையும்

[8:50] மலர் சின்னம்மா: அக்காவுக்கு நான் காலையில் வந்து சொல்கிறேன்.

[8:52] பவானி பெரியம்மா: ஓட மாட்டேன். மாமா நடக்கிற அந்த 3 நிமிடம் என்றால் நடப்பேன். சப்பாத்து இல்லை. அவருடையது இருக்கிறது, பெரிதாக இருக்கும்.

[8:53] தர்சி: பெரியம்மா, என்னுடைய பழையது உங்களுக்கு அளவாக இருக்கும். நாளைக்குக் கொண்டு வருகிறேன். அது சும்மா போடுகிற செருப்பு இல்லை, பின்னால் வார் உள்ளது.

[8:55] சேகர் சித்தப்பா (ரொறன்ரோ): அண்ணிக்கு ஒரு சோடி நான் அனுப்புகிறேன். பாதத்தை ஒரு தாளில் வைத்துக் கோடு கீறிப் படம் அனுப்புங்கள் தர்சி. இந்த முறை அளவு பிழைக்காது.

[8:56] ரத்தினம் மாமா: சரி. எனக்கும் கீறி அனுப்புகிறேன்.

[8:58] நிறோ: சனி எனக்கு 7 மணிக்கு வகுப்பு. 6:15க்கு முடியுமா?

[8:59] சுதா அக்கா: 5:30க்குத் தொடங்கினால் 6க்கு முடியும். பிந்த வேண்டாம். அடுத்தது திங்கள், பிறகு புதன். நான் பள்ளிக்கூடம் போக வேண்டும், அதனால் அந்த நாள்களில் 5:00.

[9:00] தர்சி: 5:00 இருட்டு அக்கா

[9:00] நிறோ: திங்கள் எனக்கு முடியாது

[9:01] கண்ணன்: முதலில் சனி வரட்டும்

[9:04] தர்சி: அப்போ குளக்கட்டா மைதானமா?

[9:05] சுதா அக்கா: அதிபர் இன்னும் பதில் போடவில்லை. நாளை இரவு சொல்கிறேன். இல்லையென்றால் குளக்கட்டு. தண்ணீர்ப் போத்தல் எல்லோரும் கொண்டு வாருங்கள். வெறும் வயிறு வேண்டாம், ஒரு வாழைப்பழமாவது. மாமா, நீங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான்.

[9:12] பவானி பெரியம்மா: மலர், கிடாரம் என் கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருக்கிறது. மற்றப் பாத்திரங்களுக்குக் கீழே. இப்போதுதான் டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

[9:13] மலர் சின்னம்மா: நல்ல காலம். காலையில் வரும்போது எடுக்கிறேன்.

[9:14] ரத்தினம் மாமா: தனியே தூக்காதே. முழங்கால்.

[9:15] கண்ணன்: சனிக்கிழமை நடந்து முடிய எல்லோருமாகச் சேர்ந்து ஓட்டோவில் ஏற்றிவிடலாம்

[9:16] மலர் சின்னம்மா: சனசமூக நிலையம் சனிக்கிழமை எத்தனை மணிக்குத் திறக்கும்?