ஆணுக்கு 50, பெண்ணுக்கு 55ஆம்! கணக்கன் ஐயாவுக்கு ஒரு கேள்வி

வெண்டைக்காய்:
நேற்று கஷாய இழையில் கணக்கன் ஐயா போகிற போக்கில் ஒன்றை எறிந்துவிட்டுப் போனார்: "பெருங்குடல் புற்று ஆண்கள் வியாதி. ஜெர்மனியிலேயே பரிசோதனை தொடங்க ஆணுக்கு 50 வயது, பெண்ணுக்கு 55 என்று வைத்திருக்கிறான். பெண்கள் வீணாகப் பயந்து காசைக் கரைக்க வேண்டாம்." அதற்குப் பதினெட்டு பேர் கைதட்டல் வேறு.

நான் இங்கிலாந்தில் ஒரு ஆய்வகத்தில், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற இந்த மலப்பரிசோதனைக் குழாய்களோடுதான் தினமும் எட்டு மணி நேரம் குப்பை கொட்டுகிறேன். இங்கே 50 முதல் 74 வயது வரை ஆண், பெண் எல்லோருக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குழாய் வீட்டுக்கே தபாலில் வருகிறது. ஆண்கள் வியாதிக்குப் பெண்கள் பெயரில் ஏன் தபால் அனுப்புகிறார்கள் ஐயா?

கணக்கன்:
தபால்தலையை வைத்து வியாதியை நிரூபிக்கிற முதல் ஆள் நீங்கள்தான் அம்மா. முப்பத்திரண்டு வருஷம் தணிக்கையில் இருந்தவன் நான். எண்ணைக் காட்டினால் பேசுவேன், உணர்ச்சியைக் காட்டினால் பேச மாட்டேன். நான் எழுதியது ஒரே வரி. ஜெர்மனியில் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, ஆணுக்கு 50, பெண்ணுக்கு 55. உண்டா, இல்லையா?

ஹாம்பர்க் தம்பி:
அண்ணை, நான் இங்கேதான் இருக்கிறேன். ஓம், 2019இல் இருந்து அப்படித்தான் இருந்தது. ஆனால் 2025 ஏப்ரலில் மாற்றிவிட்டார்கள், இப்போது பெண்களுக்கும் 50தான். முந்தியும் 50 வயதுப் பெண்ணைச் சும்மா விடவில்லை. 54 வயது வரை வருஷத்துக்கு ஒருமுறை மலப்பரிசோதனை செய்யலாம் என்றுதான் இருந்தது. கமராவுக்கு மட்டும்தான் அந்த 55.

கணக்கன்:
"இருந்தது" என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி தம்பி. அப்படியானால் ஆறு வருஷம் ஜெர்மன்காரன் முட்டாளாக இருந்தானா? கார் செய்யத் தெரிந்தவனுக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

வெண்டைக்காய்:
முட்டாள் இல்லை. ஆணுக்கு 50 வயதில் இருக்கிற ஆபத்து பெண்ணுக்குச் சில வருஷம் தள்ளி வருகிறது. அதனால் 55 என்றார்கள். தள்ளி வருகிறது என்றால் வராது என்று அர்த்தமா? உங்களுக்கு எண்தானே வேண்டும், இந்தாருங்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் சொல்கிற வாழ்நாள் ஆபத்து, ஆண்களில் சுமார் 24 பேரில் ஒருவர், பெண்களில் சுமார் 26 பேரில் ஒருவர். இதுவா ஆண்கள் வியாதி? அந்த நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் 2021 முதல் இருவருக்குமே 45 வயதில் தொடங்கச் சொல்கிறது.

கணக்கன்:
24க்கும் 26க்கும் வித்தியாசம் உண்டா இல்லையா? உண்டு. யாருக்கு அதிகம்? ஆணுக்கு. முடிந்தது. 55க்கு இன்னும் பதில் வரவில்லை.

நடுநிலை நக்கீரன்:
ஒரு நிமிஷம். இரண்டு பேரும் "பரிசோதனை" என்று எதைச் சொல்கிறீர்கள்? எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குச் செய்வது ஒன்று. ரத்தம் போகிறது, எடை குறைகிறது என்று வந்தவருக்குச் செய்வது வேறு. அதேபோல வருகிற ஆபத்து வேறு, கண்டுபிடிக்கிற வாய்ப்பு வேறு. முதலில் இதைப் பிரித்துக்கொண்டால்...

மாதவரம்:
என் அம்மா கதையைச் சொல்கிறேன். 52 வயதில் ரத்தசோகை. ஒரு மருத்துவமனையில் "மாதவிடாய் நிற்கிற சமயம், இப்படித்தான் இருக்கும்" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷம் மாத்திரை. படி ஏறினால் மூச்சு வாங்கும். கடைசியில் பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி என்றார்கள். அப்பாவுக்கு அதே அளவு ரத்தம் குறைந்திருந்தால் மறு வாரமே குழாய் விட்டுப் பார்த்திருப்பார்கள். கணக்கன் சார், உங்கள் 55ஐ எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து சொல்லுங்கள்.

கணக்கன்:
அம்மாவுக்காக வருந்துகிறேன், மனசாரச் சொல்கிறேன். ஆனால் அது மருத்துவரின் தப்பு. ஜெர்மனியின் 55 தப்பு என்று அதிலிருந்து எப்படி வரும்?

வெண்டைக்காய்:
வலது பக்கம் என்று மாதவரம் சொன்னதைக் கவனித்தீர்களா? பெண்களுக்கு வலது பக்கக் கட்டிகளின் விகிதம் அதிகம். அங்கே கசிகிற ரத்தம் முழு நீளமும் கடந்து வருவதற்குள் சிதைந்துவிடும், அதனால் எங்கள் குழாயில் பிடிபடுவது குறைவு. எங்கள் குழாய் அளப்பது ரத்தத்தின் ஹீமோகுளோபினைத்தான், பெண்களின் ரத்தத்தில் அதன் அளவே சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவைத் தாண்டினால்தான் அடுத்த சோதனை என்று ஒரே வரம்பை இருவருக்கும் வைத்தால் பெண்களில் கூடுதல் பேர் நழுவிப்போவார்கள்.

இங்கிலாந்தில் 2019இல் இந்தப் புதுக் குழாய் வந்தபோது வரம்பு ஒரு கிராம் மலத்துக்கு 120 மைக்ரோகிராம் என்று வைத்தார்கள். ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே. இதை நான் ஆய்வகத்திலேயே சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன், யார் கேட்டார்கள்? ஸ்டாக்ஹோமில் பெண்ணுக்கு 40, ஆணுக்கு 80. பின்லாந்தில் 2019இல் தொடங்கியபோது பெண்ணுக்கு 25, ஆணுக்கு 70.

நார்வேயில் 1999 வாக்கில் ஓஸ்லோவிலும் டெலிமார்க்கிலும் குட்டையான கேமராக் குழாய் விட்டு, பெருங்குடலின் இடது பக்கம் மட்டும் பார்க்கிற ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். பிறகு கணக்கெடுத்தபோது ஆண்களில் நோயும் சாவும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது அதே வலது பக்கம்தான்.

கணக்கன்:
ஆகா! ஆணும் பெண்ணும் வேறு, எண்ணும் வேறு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஸ்டாக்ஹோமில் 40, 80 இருக்கலாம், ஜெர்மனியில் 50, 55 இருக்கக் கூடாதா? இத்தனை மைக்ரோகிராம் அளந்துவிட்டு நான் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறீர்களே அம்மா.

வெண்டைக்காய்:
ஐயோ. வரம்பைக் குறைப்பது பெண்ணை இன்னும் கவனமாகப் பார்ப்பதற்கு. நீங்கள் சொல்வது பெண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்று. கிழக்கும் மேற்கும் ஒன்றா?

கணக்கன்:
"பார்க்கவே வேண்டாம்" என்று நான் எழுதவில்லை. "வீணாகப் பயப்பட வேண்டாம்" என்றுதான் எழுதினேன். படித்துவிட்டுப் பேசவும். போன மாதம் செக்கு எண்ணெய் இழையிலும் இதே போல என் வாயில் வார்த்தையைத் திணித்தீர்கள். நான் மறக்கவில்லை.

வெண்டைக்காய்:
செக்கு எண்ணெய்யில் நீங்கள் சொன்னதும் தப்புதான்.

பனங்காட்டு நரி:
இடையில் ஒரு சந்தேகம். கொலோனோஸ்கோப்பி, கமரா, குழாய்... தமிழில் ஒரு சொல் கிடையாதா? பெருங்குடல் அகநோக்கி என்று எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா?

ஹாம்பர்க் தம்பி:
அண்ணை, அகநோக்கி என்றால் அது கருவியின் பெயர். சோதனைக்கு அகநோக்கல் என்று வரவேண்டும்.

பனங்காட்டு நரி:
கமரா என்று எழுதுகிறவர் எனக்கு இலக்கணம் சொல்கிறார். காலம்!

ஹாம்பர்க் தம்பி:
எங்கள் ஊரில் கமராதான். உங்கள் "கேமரா" மட்டும் தொல்காப்பியத்தில் இருக்கிறதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெண்களுக்குப் பெருங்குடல் சற்று நீளம், கருப்பை எடுத்தவர்களுக்கு இன்னும் சிக்கல், அதனால் கமரா விடும்போது வலியும் கூட என்று மருத்துவர் சொன்னார். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று என் மனைவி நாலு மாதம் தள்ளிப்போட்டாள். இதையெல்லாம் யாரும் 50, 55 என்று எழுதி வைப்பதில்லை.

மாதவரம்:
உங்களுக்கு வீட்டு வாசலுக்குத் தபாலில் வருகிறது, கடிதம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். இங்கே மத்திய அரசின் திட்டத்தில் 30 வயதுக்கு மேல் வாய், மார்பகம், கருப்பைவாய் இந்த மூன்றுக்குத்தான் பரிசோதனை. பெருங்குடலுக்கு இல்லை. ஸ்டாக்ஹோம் மைக்ரோகிராமை வைத்து நாங்கள் என்ன செய்வது?

வெண்டைக்காய்:
தபாலில் வந்தால் மட்டும்? இங்கே குழாயைத் திருப்பி அனுப்புவதில் பெண்கள்தான் முன்னால். ஆண்கள் பின்னால்தான், அதிலும் தெற்காசியர்கள் இன்னும் பின்னால். என் சொந்தச் சித்தப்பா வீட்டில் மூன்று குழாய் குளியலறை அலமாரியில் ஷேவிங் கிரீமுக்குப் பின்னால் இருக்கிறது. கேட்டால் "அதைத் தொடுவதா, சீச்சீ" என்கிறார். கணக்கன் ஐயா கணக்குப்படி ஆண்கள் வியாதி. அப்புறம் ஆண்கள் ஏன் ஓடி ஒளிகிறார்கள்?

கணக்கன்:
சித்தப்பா கதை, அம்மா கதை, மனைவி கதை. தணிக்கையில் இதற்குப் பெயர் ரசீது இல்லாத செலவு.

மாதவரம்:
என் அம்மா உங்களுக்கு ரசீது இல்லாத செலவா? நல்ல வார்த்தை சார். வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கன்:
உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன். இங்கே எல்லோருக்கும் தொட்டால் சிணுங்கித் தோல்.

நடுநிலை நக்கீரன்:
நான் கேட்ட இரண்டு "பரிசோதனை"க்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது...

வெண்டைக்காய்:
ஒன்றே ஒன்று கேட்கிறேன் ஐயா. உங்களுக்கு 67 வயது என்று செக்கு எண்ணெய் இழையில் நீங்களே எழுதினீர்கள். ஆணுக்கு 50 என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறீர்களே, பதினேழு வருஷமாகிறது. செய்துகொண்டீர்களா?

கணக்கன்:
என் வயிறு என் சொந்தக் கணக்கு. காலையில் சீரகத் தண்ணீர், ராத்திரி கடுக்காய். மணி அடித்தாற்போல நடக்கிறது.

ஹாம்பர்க் தம்பி:
அண்ணை, அப்போ ஜெர்மன்காரன் சொன்ன 50?

கணக்கன்:
பேச்சை மாற்றாதீர்கள். இழையின் தலைப்பே 55. அதற்கு இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

வெண்டைக்காய்:
மேலே போய் என் இரண்டாவது பதிவைப் படியுங்கள்.

கணக்கன்:
படித்தேன். "அதனால் 55 என்றார்கள்" என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.